தங்கள் நல்வரவை விரும்பும்

இல்ல தம்பி, கல்யாணத்துக்குப் போகல. ஏறும்போது கண்டக்டரும் இதையேதான் கேட்டாரு, என்ன சார் முகூர்த்தமான்னு. பட்டு வேட்டியும் தேச்ச சட்டையுமா காலையில பஸ் ஏறினா கேக்கத்தான் செய்வாங்க. கல்யாணம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஒம்பதுலேருந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம். ஆனா அது எங்க ஊரு அருப்புக்கோட்டையிலயே. நான்தான் ஊரை விட்டு வெளிய வந்துக்கிட்டிருக்கேன்.

வேட்டிக்குக் காரணம் இருக்கு. எங்க காம்பவுண்டுல மொத்தம் நாலு வீடு. ஒரு வீட்டுல கல்யாணம். ரெண்டு வீட்டுக்காரங்க ஆறு மணிக்கே குளிச்சு, பூ வெச்சு, வேனுக்கு நின்னுக்கிட்டிருக்காங்க. நாலாவது வீடு நான். எல்லாரும் பட்டுல நிக்கும்போது நான் மட்டும் கைலியோட பல் தேச்சுக்கிட்டிருந்தா, ஏன் சார் கிளம்பலன்னு ஒருத்தர் கேப்பாரு. அதுக்கு ஒரு பதில் சொல்லணும். அந்தப் பதிலை இன்னொருத்தர் கேப்பாரு. அதனால நானும் உடுத்திக்கிட்டேன். மாவு மில்லு சங்கரலிங்கம், மூணாவது வீடு, ‘வேன்ல எடம் இருக்கு சார், வாங்க’ன்னாரு. ‘நீங்க போங்க, நான் பின்னால வர்றேன்’னுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டேன்.

என் பேரு திருமலைராஜன். ரிஜிஸ்டர் ஆபீசுல முப்பத்திரண்டு வருஷம். எங்க தெருவுல என்னை ரிஜிஸ்டர் சாருன்னுதான் சொல்லுவாங்க. நான் பதிவாளர் எல்லாம் கிடையாது, உதவியாளரா சேந்து உதவியாளராவே ரிடையர் ஆனவன். ஆனா என் கையைத் தாண்டி ஒரு பத்திரம் தப்போட போனதா யாரும் சொல்ல முடியாது. ஒரு இனிஷியல் மாறிப்போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? ரெண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும். நான் பாத்திருக்கேன்.

கல்யாண வீடு எனக்கு நேர் எதிர் வீடு. விஜயராணின்னு பேரு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில நர்ஸு. நான் சிஸ்டர்னுதான் கூப்பிடுவேன். ஊரே அப்படித்தான் கூப்பிடுது. வீட்டுக்காரர் இராமகிருஷ்ணன் தவறிப் பதினோரு வருஷம் ஆச்சு. ஒரே பொண்ணு பவதாரிணி, பள்ளிக்கூடத்துல டீச்சரு. நான் பாப்பாம்பேன். மாப்பிள்ளை சாத்தூரு, மின்வாரியத்துல வேலை. நல்ல எடம்.

வைகாசி மாசம் ஒருநாள் சாயங்காலம் சிஸ்டர் எங்க கேட்டுக்கிட்ட வந்து நின்னாங்க. கையில ஒரு நோட்டுப் பேப்பர். ‘சார், பத்திரிகைக்கு எழுதியிருக்கோம். எழுத்துப்பிழை எதுவும் இருக்கான்னு ஒரு தடவை பாத்துக் குடுங்க’ன்னாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. எழுத்துப்பிழை.

பாத்தேன். ஒம்பது பிழை. மாப்பிள்ளையோட ஊருலயே ஒரு கால் விட்டுப்போயிருக்கு. பாப்பாவுக்கு திருவளர்ச்செல்வின்னு போட்டிருக்காங்க. வீட்டுல இன்னும் கல்யாணம் பண்ண ஆளு இருந்தாத்தானே திருவளர்? ஒரே பொண்ணு, அந்த வீட்டுல அதுதான் கடைசிக் கல்யாணம். திருநிறைச்செல்விதான் வரணும். இதெல்லாம் எவ்வளவு பேருக்குத் தெரியும்? பத்திரிகைன்னா என்ன நினைக்கிறீங்க தம்பி? அதுவும் ஒரு பத்திரம்தான். இன்னாரு மக, இன்னாரைக் கட்டுறா, இன்னாரு முன்னால நின்னு செஞ்சு வெக்கிறாருன்னு ஊருக்கு எழுதிக் குடுக்கிறது. முத்திரைத்தாள் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிழையெல்லாம் திருத்திட்டு மறுபடி மேலேருந்து படிச்சேன். அப்பத்தான் தெரிஞ்சுது, பெரிய பிழையே வேற. அழைக்கிறவரு கோவில்பட்டி சௌந்தரபாண்டின்னு இருக்கு. பாப்பாவோட பெரியப்பா. ‘எனது இளைய சகோதரர் தெய்வத்திரு இராமகிருஷ்ணன் அவர்களின் குமாரத்தி’ன்னு எழுதியிருக்காரு. முழுசும் தேடினேன். சிஸ்டர் பேரு இல்ல.

‘உங்க பேரு எங்க சிஸ்டர்?’ன்னு கேட்டேன்.

‘அது எதுக்கு சார்? பெரியப்பாதானே அழைக்கிறாங்க. நான் எல்லாம் பேரு போட்டு அழைக்கிற வழக்கம் இல்லையே’ன்னாங்க. சொல்லும்போது என்னைப் பாக்கல, பேப்பரைத்தான் பாத்தாங்க.

எனக்கு மனசு ஒப்பல. மறுநாளே அந்தக் கோவில்பட்டிக்காரருக்குப் போன் பண்ணிட்டேன். நம்பர் பாப்பாகிட்ட வாங்கினேன். என்னத்துக்குன்னு பாப்பா கேக்கல, நானும் சொல்லல.

‘நீங்க யாரு?’ன்னாரு.

‘எதிர் வீடு’ன்னேன்.

‘எதிர் வீட்டுக்கு இதுல என்ன சோலி?’ன்னாரு.

‘எனக்கு ஒரு சோலியும் இல்ல. பதினோரு வருஷமா அந்தப் பொண்ணைப் படிக்க வெச்சது அந்தம்மா. வரன் பாத்தது அந்தம்மா. அழைக்கிறது மட்டும் வேற பேருலயா? நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க’ன்னேன்.

அவரு போனை வெச்சுட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு சிஸ்டர் வந்து, ‘பெரியப்பா ரொம்ப கோவிச்சுக்கிட்டாங்க சார். உன் இஷ்டம்போல போட்டுக்கோ, என் பேரு அதுல ஒரு மூலையிலகூட வரக் கூடாதுன்னுட்டாங்க’ன்னு சொன்னாங்க. நான் சரி, பாதை கிளியர் ஆயிருச்சுன்னு நினைச்சேன். அன்னைக்கே உக்காந்து புதுசா எழுதினேன். ‘எனது மகள் திருநிறைச்செல்வி பவதாரிணிக்கும்’னு ஆரம்பிச்சு, ‘வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறேன்’னு முடிச்சு, கீழ ‘இரா. விஜயராணி, செவிலியர்’னு போட்டேன்.

சிஸ்டர் அதை வாங்கிப் படிச்சாங்க. ‘டியூட்டி லிஸ்ட்டைத் தவிர வேற எங்கயும் என் பேரு அச்சுல வந்ததில்ல சார்’னாங்க. அப்புறம், ‘வேண்டுகிறோம்னு இருந்தா நல்லா இருக்காதா? இது ஒத்தையா நிக்கிற மாதிரி இருக்கே’ன்னாங்க.

‘ஒரு ஆளு அழைக்கும்போது வேண்டுகிறேன்தான் சிஸ்டர் வரணும். ஒருமைதானே’ன்னேன்.

‘ஆமா, ஒருமைதான்’னாங்க.

அதுக்கப்புறம் பத்திரிகை வேலை முழுக்க என் பொறுப்புக்கு வந்துருச்சு. யாரும் ஒப்படைக்கல, தானா வந்துச்சு. அவங்க வேலைக்குப் போறவங்க, நேரம் ஏது? நான் சும்மா இருக்கிறவன். பஜார்ல ஒரு கடை, மாதிரி காட்டி ஆர்டர் எடுத்து சிவகாசியில அடிச்சு வாங்கிக் குடுப்பாங்க. அந்தக் கடை ஆல்பத்தை வண்டியில வெச்சுக் கட்டிக் கொண்டாந்து காட்டுவேன். நாலு ஆல்பம். வெல்வெட்டு ஒட்டினது, ஜன்னல் மாதிரி திறக்கிறது, பிள்ளையாரு தனியா எந்திரிச்சு நிக்கிறது. தினம் சாயங்காலம் சிஸ்டர் டியூட்டி முடிஞ்சு வர்ற நேரம் பாத்து அவங்க வாசல்ல நிப்பேன். உள்ள போனதே கிடையாது தம்பி. நாலு பேரு பாக்குற எடத்துல நின்னு பேசிட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்கல்ல. ஒரு மாசத்துக்கு மேல, ஒருநாள் விடாம வாசல்லயே நின்னுதான் பேசினேன். டீ குடுப்பாங்க. எனக்குச் சக்கரை இல்லாம போடணும்னு ரெண்டாவது நாளே தெரிஞ்சு வெச்சுக்கிட்டாங்க.

பாப்பாவுக்குக் கிளிப்பச்சையில ஒண்ணு பிடிச்சிருந்துச்சு. ‘அங்கிள், இது எடுப்போமே’ன்னுச்சு. பச்சையில எழுத்து எடுபடாது, வயசானவங்க படிக்கணும்ல, சந்தனக் கலர்ல சிவப்பு எழுத்துன்னா தூரத்துலேருந்தே தெரியும்னு சொன்னேன். ரொம்ப மரியாதையான பொண்ணு. ‘சரி அங்கிள்’னுட்டு உள்ள போயிருச்சு. அதுக்கப்புறம் ஆல்பம் பாக்க வெளிய வரல. அதுக்கும் பள்ளிக்கூடத்துல பரீட்சைப் பேப்பர் திருத்துற வேலை இருந்திருக்கும்.

எனக்கு இதுல ஏன் இவ்வளவு அக்கறைன்னு நினைப்பீங்க. எனக்கும் ஒரு பையன் இருக்கான், புனேயில. வீட்டுக்காரி போய் ஒம்பது வருஷம் ஆச்சு, அவன் ஒருத்தன்தான். முந்தா வருஷம் கல்யாணம் பண்ணிக்கிட்டான். அங்கயே ஆபீசுல பதிவு. நான் ஒண்ணும் சொல்லல, பதிவுத் திருமணம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? சட்டப்படி அதுதான் கெட்டி. பத்திரிகை அடிக்கல. போன்ல ஒரு படம் அனுப்பினான். அவன் பேரு, அந்தப் பொண்ணு பேரு, தேதி, சுத்திப் பூவு. அவனோட ஃபிரெண்ட்ஸ் எல்லாருக்கும் அதே படம்தான் போயிருக்கு. எனக்கும் வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. அதை விடுங்க, அது இந்தக் கதையில வராது.

பிரூஃப் வந்துருச்சுன்னு கடையிலேருந்து போன் வந்துச்சு. போனேன். அங்க கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்த பொண்ணு பேரு ரெஜினா. மூணு தடவை படிச்சேன். ஒரு புள்ளி பிசகல. ஆனா கீழ பாதி எடம் வெறிச்சுன்னு கிடக்கு.

‘என்னம்மா, இங்க இவ்வளவு காலியா இருக்கு?’

‘அங்கதான் சார் எல்லாரும் சொந்தக்காரங்க பேரு போடுவாங்க. தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பான்னு. இவங்க ஒண்ணும் எழுதிக் குடுக்கல. ஒரு பூ போட்டு நிரப்பிரவா?’

சிஸ்டருக்குக் கூடப் பொறந்தவங்க கிடையாது. பெரியப்பாவும் கோவிச்சுக்கிட்டாரு. எனக்கு அந்தப் பத்திரிகையைப் பாக்கப் பாக்க, அவங்க சொன்னது சரிதானோன்னு தோணிருச்சு. ஒத்தையாத்தான் நிக்குது. ஒரு பேரு, அது கீழ ஒண்ணும் இல்ல. படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? இவங்களுக்கு ஒரு ஆளு இல்லையான்னு நினைக்க மாட்டாங்களா?

‘பூ வேண்டாம். “தங்கள் நல்வரவை விரும்பும்”னு போட்டு, கீழ ஒரு பேரு போடும்மா’ன்னேன்.

‘சொல்லுங்க சார்.’

சொன்னேன். வெ. திருமலைராஜன், பதிவுத்துறை, பணி நிறைவு.

அடிச்சுட்டுத் திரும்பிப் பாத்துச்சு. ‘நீங்க பொண்ணுக்கு என்ன வேணும் சார்? பக்கத்துல அதைப் போடணும்.’

‘வேண்டியவருதாம்மா’ன்னேன்.

‘அப்படிப் போடுறதில்லையே சார்.’

‘அப்ப ஒண்ணும் போடாத. பேரு மட்டும் இருக்கட்டும்.’

சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு நினைக்கிறீங்க. முகத்துலயே தெரியுது. கேட்டிருக்கலாம். அன்னைக்கு அவங்களுக்கு டியூட்டி. போன் பண்ணியிருக்கலாம், அதுவும் சரிதான். ஆனா ஒரு வரி தம்பி. ஒரு பத்திரிகையில ஒரே ஒரு வரி. ஆசைப்பட்டுப் போட்டதா நினைக்காதீங்க. எடம் காலியா இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்.

ஆடி கடைசியில பத்திரிகை வந்து எறங்கிச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு முதல்ல போகணும்ல, அதனால கடையிலேருந்தே நேரா தபாலாபீசு போய் சாத்தூருக்கு ஒண்ணை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். நான் முப்பது எடுத்துக்கிட்டேன். மிச்சப் பெட்டியை ஆட்டோவுல ஏத்திக் கொண்டாந்து சிஸ்டர் வாசல்ல எறக்கினேன்.

அவங்க நின்ன வாக்குலயே ஒண்ணைப் பிரிச்சாங்க. மேலேருந்து வாய்விட்டுப் படிச்சாங்க. அவங்க பேரு வந்த எடத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. பாப்பாவும் பக்கத்துல வந்து நின்னுச்சு. அப்புறம் கீழ வந்தாங்க. சத்தம் நின்னுபோச்சு.

‘சார்... இது?’

‘எடம் காலியா இருந்துச்சு சிஸ்டர். ஒத்தையா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க.’

அவங்க பாப்பாவைப் பாத்தாங்க. பாப்பா தரையைப் பாத்துச்சு. எனக்கு அப்ப அது சந்தோஷத்துல பேச்சு வராம நிக்கிறதாத்தான் பட்டுச்சு. ஏன்னா பாக்க நல்லா இருந்துச்சு தம்பி. பொண்ணு வீட்டுப் பக்கம் பெரியவங்க பேருன்னு அதுல மொத்தமே ரெண்டுதான். மேல அவங்க பேரு, நேரா கீழ என் பேரு. எடுப்பா இருந்துச்சு.

‘பெட்டியை உள்ள எடுத்து வை’ன்னு பாப்பாகிட்ட சொன்னாங்க. என்கிட்ட, ‘ரொம்ப அலைஞ்சிருக்கீங்க சார், நன்றி’ன்னாங்க. கதவு சாத்திக்கிச்சு. அன்னைக்கு டீ குடுக்கல. அவங்களுக்கும் ஆயிரம் வேலை.

நான் அந்த முப்பதையும் எடுத்துக்கிட்டு எங்க ஆபீசுக்குப் போனேன். ரிடையர் ஆனதுக்கப்புறம் அங்க போறதுன்னா சும்மா போய் நிக்கணும். என்ன சார் இந்தப் பக்கம்னு கேப்பாங்க, பதில் இருக்காது. அன்னைக்குத்தான் ஒரு காரணத்தோட போனேன். மேஜை மேஜையா நின்னு, பேரு எழுதி, ரெண்டு கையாலயும் குடுத்தேன். எல்லாரும் கடைசி வரியைப் படிச்சுட்டு, ‘சார் வீட்டுக் கல்யாணமா?’ன்னு கேட்டாங்க. ‘அப்படித்தான் வெச்சுக்கங்களேன்’னேன். சங்கரலிங்கம் வீட்டம்மாகிட்டயும் குழாயடியில ஒண்ணைக் காட்டினேன். ‘ஆமா சார், உங்க பேரும் சிஸ்டர் பேரும் ஜோடியா வந்திருக்கு. நல்லா இருக்கு’ன்னு சொல்லிச்சு. சொல்லிட்டுச் சிரிச்சுச்சு. நல்ல மனசு அந்தம்மாவுக்கு.

அதுக்கப்புறம் பத்து நாள், எதிர் வீட்டுல கதவு திறந்து நான் பாக்கல. வேலைக்குப் போறதும் வர்றதும் எப்பன்னு தெரியல. சாயங்காலம் வழக்கமா நிக்கிற நேரத்துக்கு வாசல்ல போய் நிப்பேன். உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேக்கும். கல்யாண அலைச்சல், அசந்து தூங்குறாங்கன்னு திரும்பிருவேன். எனக்கு முறையா வந்து தாம்பாளத்துல பத்திரிகை வெச்சு அழைக்கணும்ல. அதுக்கு ஒரு நல்ல நாள் பாப்பாங்கன்னு இருந்தேன். வந்தா உக்கார வெக்கணுமேன்னு முன்னறையில கிடந்த பழைய பேப்பரை எல்லாம் எடுத்துப் போட்டுட்டு, ரெண்டு நாற்காலியைத் துடைச்சு வெச்சிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் மோட்டார் ரூம் சாவி வாங்க சங்கரலிங்கம் வீட்டுக்குப் போனேன். டிவிக்கு மேல ஒரு பத்திரிகை சாத்தி வெச்சிருந்துச்சு. கிளிப்பச்சை. வேற யாரோ வீட்டுக் கல்யாணம்னு நினைச்சு எடுத்தேன். பவதாரிணின்னு இருக்கு. நான் முதல்ல தேதியைத்தான் பாத்தேன்... இல்ல தம்பி, பொய் எதுக்கு. கடைசி வரியைத்தான் பாத்தேன். அந்த எடத்துல ஒரு பூ இருந்துச்சு.

‘நேத்து வந்து அழைச்சாங்க சார். குடும்பத்தோட வரணும்னு சொன்னாங்க. உங்களுக்குத்தான் முதல்ல வெச்சிருப்பாங்களே’ன்னாரு சங்கரலிங்கம்.

‘ஆமா, வெச்சாங்க’ன்னு சொல்லிட்டு சாவியை வாங்கிக்கிட்டு வந்துட்டேன். வேற ஒரு வரிகூட அதுல நான் படிக்கல.

ஆபீசு ஆளுங்களுக்கு ஒவ்வொருத்தரா போன் பண்ணினேன். கல்யாணத்தைச் சுருக்கமா வெச்சுக்கிட்டாங்க, சொந்தக்காரங்க மட்டும்தான், சிரமப்பட வேண்டாம்னு சொன்னேன். முப்பது பேருக்கும் ஒரே மாதிரி சொல்லணும்னு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டுச் சொன்னேன். ‘நீங்க போறீங்கல்ல சார்?’னு ரெண்டு மூணு பேரு கேட்டாங்க. ‘நான் போகாம இருப்பேனா’ன்னேன்.

போன வியாழக்கிழமை, சாயங்காலம் அஞ்சரை இருக்கும், கேட்டுல சத்தம் கேட்டுச்சு. சிஸ்டர். யூனிஃபார்ம்கூட மாத்தல. கையில தாம்பாளம் இல்ல, டிபன் பை மட்டும்தான் இருந்துச்சு. உள்ள வாங்கன்னேன். ‘இருக்கட்டும் சார்’னு கேட்டுக்கு வெளியவே நின்னாங்க.

‘பத்திரிகையை மாத்தி அடிச்சுட்டோம் சார்.’

‘பாத்தேன் சிஸ்டர். பச்சை நல்லா வந்திருக்கு.’

‘நீங்க அனுப்பினதைப் பாத்துட்டு மாப்பிள்ளையோட அம்மா போன் பண்ணினாங்க. யாரு இதுன்னு கேட்டாங்க. எதிர்வீட்டு சாருன்னு சொன்னேன். எதிர்வீட்டு சாரு பேரு உங்க பேருக்குக் கீழ எதுக்கு இருக்குன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல சார்.’

‘வேண்டியவருன்னு சொல்லியிருக்கலாமே.’

அவங்க நிமுந்து என்னைப் பாத்தாங்க. கோவம் இல்ல தம்பி. கோவமா இருந்தா எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாம இருந்திருக்கும். ‘அதைத்தான் சார் சொல்ல முடியாது’ன்னாங்க.

‘ஊரே உங்களை சிஸ்டர்னுதானே கூப்பிடுது. நானும் அப்படித்தானே...’ன்னு ஆரம்பிச்சேன்.

‘சார், பாப்பா கல்யாணம் சார்’னாங்க.

அப்புறம் அவங்க டிபன் பையை இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டு, ‘ஞாயித்துக்கிழமை நீங்க ஊர்ல இருப்பீங்களா சார்?’னு கேட்டாங்க.

முப்பத்திரண்டு வருஷம் பத்திரம் படிச்சவன் நான். ஒரு வரி எதுக்காக எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதா? வாங்கன்னும் சொல்லல, வராதீங்கன்னும் சொல்லல. இருப்பீங்களான்னு கேட்டாங்க. என்ன பதில் வரணும்னு அந்தக் கேள்வியிலயே இருந்துச்சு.

‘இல்ல சிஸ்டர். தூத்துக்குடியில ஒரு சோலி இருக்கு. முன்னாலயே ஒத்துக்கிட்டேன், தட்ட முடியல. நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க’ன்னேன்.

அவங்க முகம் அப்படியே எளகிருச்சு. நிச்சயதார்த்தம் அன்னைக்குக்கூட நான் அவங்களை அப்படிப் பாக்கல. கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு, டியூட்டி அசதியாவும் இருக்கலாம். ‘சாயங்காலம் சாப்பாடு எடுத்து வெக்கச் சொல்லட்டுமா சார்?’னாங்க.

‘வேண்டாம் சிஸ்டர். வர நேரமாயிரும்.’

சரின்னு போனாங்க. அவங்க கதவைத் திறந்துட்டு, திரும்பாமலே, ‘வேண்டுகிறேன்னேதான் விட்டிருக்கேன் சார். அதை மாத்த விடல’ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

மறுநாள் சாவி குடுக்கிற சாக்குல சங்கரலிங்கம் வீட்டுக்குப் போய் அந்தப் பச்சைப் பத்திரிகையை மறுபடி எடுத்தேன். அன்னைக்கு முழுசும் படிச்சேன். பெரியப்பா பேரு எங்கயும் இல்ல. இரா. விஜயராணி, செவிலியர்னு தனியா நிக்குது. என் பேரைத் தவிர நான் எழுதினதுல ஒரு எழுத்து மாறல. அச்சும் சுத்தம். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பூவும் அந்த எடத்துக்குப் பொருத்தமாத்தான் இருந்துச்சு.

மணி என்ன தம்பி? ஒம்பதரையா. தாலி கட்டியிருப்பாங்க, இல்ல இப்பத்தான் கட்டுவாங்க. சிஸ்டரை மேடையில நிக்க விட்டிருப்பாங்களான்னு தெரியல. சங்கரலிங்கத்துக்குப் போன் பண்ணிக் கேக்கலாம். பண்ணினா எங்க சார் இருக்கீங்கன்னு கேப்பாரு. நாளைக்குக் குழாயடியில எப்படியும் பேசுவாங்க, அப்ப தெரிஞ்சுக்கலாம்.

எட்டயபுரம் தாண்டிருச்சுல்ல? நீங்க தூத்துக்குடிதான்னு சொன்னீங்க. அதான் உங்ககிட்ட கேக்கணும்னு நினைச்சேன். எனக்கு அங்க சோலின்னு எதுவும் கிடையாது. யாரையும் தெரியாது. அன்னைக்குக் கேட்டுக்கிட்ட நிக்கும்போது வாயில வந்த ஊரு, அவ்வளவுதான். ஆனா அவங்ககிட்ட சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் வீட்டுக்குள்ளயே கதவைப் பூட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, யாராவது பாத்து அவங்ககிட்ட சொன்னா, அவங்களுக்கு மனசு கஷ்டமா போயிரும். மதியம் மூணு மணியோட மண்டபம் காலியாயிரும். நாலு மணிக்குப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் சாத்தூருக்கு அனுப்பிருவாங்க. அதுக்கப்புறம் சிஸ்டரு வீட்டுக்கு வந்து, எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயி, ஒரு ஆறு மணின்னு வெச்சுக்கங்களேன். அதுக்கு மேல நான் போனாப் போதும்.

அது வரைக்கும் ஒரு ஆளு உக்காந்திருக்க அங்க எடம் எதுவும் இருக்குமா தம்பி? கடற்கரைப் பக்கம்னாலும் சரிதான். கொஞ்சம் நிழலா இருந்தாப் போதும்.